வலி சொல்லத் தெரியாதவர்கள்

மீன் மார்க்கெட்டில் எல்லோரும் அவரைச் செதிலண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்குப் போய்த் தேய்த்துக் குளித்து, தலை வாரி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தெருவில் வந்து நின்றாலும் காது மடலிலோ புருவத்திலோ ஒரு செதில் ஒட்டிக்கொண்டு மினுங்கும். யாராவது எடுத்துவிட்டால், "விடுங்க, அது அடையாள அட்டை" என்பார்.

முப்பத்தோரு வருஷம் ஒரே கடை. அவர் நின்று வெட்டிய பலகையை மட்டும் மூன்று முறை மாற்றினார்கள். கத்தி விழுந்து விழுந்து நடுவில் கிண்ணம் மாதிரி குழிந்துபோய்விடும். உயிர் மீன் விற்கிற கடை அது. நான்கு பெரிய தொட்டி, ஒவ்வொன்றிலும் காற்றுக்குழாய் கொப்பளித்துக்கொண்டிருக்கும். வாங்க வருகிறவர் விரலை நீட்டுவார். கடை முதலாளியம்மா வலைக்கரண்டியால் அள்ளி, தராசில் போட்டு, பலகைக்குத் தள்ளிவிடுவார். செதிலண்ணன் இடது கையால் அழுத்திப் பிடித்து, வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சீவத் தொடங்குவார். செதில் பறக்கும். செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கிழித்து, துண்டு போட்டுப் பையில் கட்டுகிற வரைக்கும் மொத்தம் ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷத்தில் உங்கள் மகளுக்குப் பரீட்சை எப்படி, மாமியாருக்கு முழங்கால் எப்படி என்று எல்லாம் விசாரித்து முடித்திருப்பார்.

மீன் அதுவரைக்கும் உயிரோடுதான் இருக்கும். வயிற்றைத் திறந்த பிறகும் வாய் திறந்து மூடும். அதைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததில்லை. துடித்தால்தான் புது மீன். நானும் அப்படிப் பார்த்து வாங்கியவன்தான். அவர் குடியிருக்கிற கட்டடத்தில் கீழ் வீடு என்னுடையது. பழக்கத்தில் எனக்கு நன்றாகத் துள்ளுகிற மீனாகப் பார்த்து எடுத்துத் தருவார்.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தைகள் எப்போதாவது கேட்கும், அதுக்கு வலிக்காதா என்று. அவரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. மீனுக்கு ரத்தம் குளிர்ச்சி, அதனால் வலி தெரியாது, துடிப்பது சும்மா நரம்பு. தொழிலுக்கு வந்த முதல் நாளில் யாரோ அவருக்குச் சொன்னது. அவரும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார். போய் மீனிடமா கேட்க முடியும் என்பார்.

அவருடைய மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தார். புதுத் துணி தைப்பதில்லை. ஜிப் மாற்றுவது, இடுப்பு பிரிப்பது, நீளம் குறைப்பது, இதுதான் வேலை. பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. வாய் நிறையக் குண்டூசி கடித்துக்கொண்டும் பேசுவார். பிள்ளை இல்லாத வீடு என்று வெளியில் நின்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். கணவர் வீட்டில் வாய் திறக்காதது அவருக்குத் தீராத மனக்குறை. "ஊருக்கெல்லாம் பேசித் தீத்துட்டு வர்றீங்க, வீட்டுக்கு மிச்சம்மீதிதான்" என்பார். அவரோ சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்.

இரண்டு தெரு தள்ளி மனைவியின் தங்கை தனியாகக் குடியிருந்தார். நாற்பத்தாறு வயது. ஆனால் செதிலண்ணன் பெண் பார்க்கப் போனபோது அவர் பல் விழுந்த சின்னப் பெண். அன்று கூப்பிட்ட "பாப்பா" அப்படியே நின்றுவிட்டது. செடி விற்கிற நர்சரி ஒன்றில் நாற்று வளர்க்கும் வேலை. பன்னிரண்டு வயதில் ஒருநாள் மீன், கறி எல்லாவற்றையும் விட்டவர், விட்டதுதான். அக்கா வீட்டுக்கு வந்தால் அத்தான் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அதை வைத்து இருவருக்கும் முப்பது வருஷக் கேலி.

ஒரு திங்கட்கிழமை, கடை விடுமுறை. காலை பத்து மணி இருக்கும். மனைவி மெஷினில் உட்கார்ந்து ஒரு பள்ளிச் சீருடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலை எடுத்துத் தரச் சொல்ல வாயைத் திறந்தவர் என்னவோ குழறினார். இவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மெல்லச் சாய்ந்து, மெஷின் பலகையின் மேலேயே தலை வைத்துக்கொண்டார். தூக்கம் வந்தது மாதிரி.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் போயின, பேச்சு போயிற்று. மற்றவர் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வார்த்தை வராது என்று டாக்டர் விளக்கினார். ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியிருந்தது. "சரி." பசித்தாலும் சரி, எரிச்சல் வந்தாலும் சரி, ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றாலும் சரி. அவர் நினைப்பது வேறு, வாயில் வருவது அது ஒன்றுதான்.

செதிலண்ணன் அதைக்கூட நல்லதாகத்தான் எடுத்துக்கொண்டார். விசாரித்தவர்களிடம், "கெட்ட வார்த்தை ஒண்ணு மிஞ்சியிருந்தா என்ன பண்றது? நாப்பது வருஷத்துல இப்பத்தான் நான் எதச் சொன்னாலும் சரிங்கிறா" என்றார். சொல்லிவிட்டு வேகமாக மீன் சீவுவார்.

பாப்பா நர்சரியில் கேட்டு மதிய வேலைக்கு மாறிக்கொண்டார். காலையில் அவர் அக்காவுடன் இருப்பார், மதியத்துக்கு மேல் இவர். கடைக்குக் கிளம்பும் முன் மனைவியைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைப்பது இவர் வேலை. மனைவி இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். இவர் வலது பக்கம் நின்று, துவண்டு கிடக்கும் அந்த வலது கையை மணிக்கட்டிலும் அக்குளிலும் பற்றி ஒரே மூச்சில் தூக்குவார். மீன் மூட்டை தூக்கிய உடம்பு, பலத்துக்குக் குறைவில்லை. தூக்கும்போது மனைவி, "சரி, சரி, சரி" என்பார். "சரிம்மா, சரிம்மா, இதோ ஆச்சு" என்று இவரும் சொல்வார். இருவரும் சேர்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். காலையில் அந்தச் சத்தம் கீழ் வீட்டில் எனக்குக் கேட்கும். இந்த வயதில் இவ்வளவு அன்னியோன்னியமா என்று என் வீட்டில் பேசிக்கொண்டோம்.

எழுபது நாள் இப்படிப் போயிற்று.

அப்புறம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் வீட்டுக்கு வந்தாள். சின்ன வயது. எப்படி எழுப்புகிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றாள். இவர் பெருமையாகச் செய்து காட்டினார். பாதித் தூக்கலிலேயே அவள் குறுக்கே வந்து இவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். பதற்றம் எதுவும் காட்டவில்லை. மனைவியை மெல்ல உட்கார வைத்து, தோளுக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்துவிட்டு இவரைக் கேட்டாள்:

"தூக்கும்போது அவங்க முகத்தப் பாத்திருக்கீங்களா, ஐயா?"

இல்லை என்றார். தூக்கும்போது கண் கையில்தானே இருக்கும்.

"இப்பப் பாருங்க."

அவள் அந்த வலது கையை ஒரு சாண் உயரம்கூட இல்லை, இரண்டு விரற்கடை அளவு, பூவை எடுப்பதுபோல எடுத்தாள். இவர் முகத்தைப் பார்த்தார். இரண்டு புருவமும் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டன. மூச்சு நின்றது. இடது கால் விரல்கள் விரிப்பைக் கவ்விச் சுருட்டின. "சரி, சரி, சரி" என்றார் மனைவி.

அவள் கையைத் தலையணை மேல் வைத்தாள். வைத்ததும் எல்லாம் தளர்ந்தது.

அசைகிற சக்தி ஒரு வழியாகப் போகிறது, உணர்கிற சக்தி இன்னொரு வழியாக வருகிறது என்று அவள் எளிமையாகச் சொன்னாள். இவர்களுக்குப் போகிற வழி அடைத்துவிட்டது, வருகிற வழி திறந்துதான் இருக்கிறது. தசைக்குப் பலம் இல்லாததால் தோள் மூட்டு தொங்குகிறது. பிடித்து இழுத்தால் மூட்டு விலகி, தாங்க முடியாத வலி வரும். நிறைய வீடுகளில் நடப்பதுதான் என்றாள். குறையாகச் சொல்லவில்லை. "அசையாததுக்கு வலிக்காதுன்னு நாமளா நெனச்சுக்கிறோம்" என்று மட்டும் சொன்னாள்.

செதிலண்ணன் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். நான் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல, அந்தக் காலைநேரப் பாட்டு என் காதில் வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது.

"எழுபது நாள் சார். தெனம் ரெண்டு தடவ. அவ கத்தியிருக்கா. நான் பதிலுக்குக் கொஞ்சியிருக்கேன்."

உள்ளே போய் மனைவியின் காலடியில் உட்கார்ந்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்றார். மனைவி இடது கையை அவர் தலையில் வைத்து, "சரி" என்றார். அது எந்தச் சரி என்று இவருக்குத் தெரியவில்லை. இன்றுவரைக்கும் தெரியாது என்பார்.

அந்தப் பெண் நான்கு இடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். புருவம், மூச்சு, நல்ல கை, கால் விரல். வாய் என்ன சொன்னாலும் இந்த நான்கையும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தூக்குவதற்கும் வேறு முறை காட்டினாள்: முன்னால் நின்று இடுப்போடு அணைத்து, முகத்துக்கு நேர் முகம் வைத்து. மறுநாள் காலை எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து நான் கடைக்குப் போனேன். தொட்டியில் ஒரு பெரிய கெண்டையைக் காட்டினேன். முதலாளியம்மா அள்ளிப் பலகையில் போட்டார். செதிலண்ணன் வழக்கம்போல இடது கையால் அழுத்தினார், சீவுகோலை எடுத்தார். எடுத்தவர் நின்றுவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மீனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார், அவருக்கு ஏதோ காட்சி தெரிந்தது, குரல் கேட்டது என்றெல்லாம் இல்லை. கண் பழகிவிட்டது, அவ்வளவுதான். ஒரு வாரமாக எழுந்தது முதல் மூச்சு நிற்கிறதா, விரல் சுருங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து, கடைக்கு வந்தும் கண் அதையே தேடியது. மீனுக்குப் புருவம் கிடையாது. விரல் கிடையாது. ஆனால் கை பட்டதும் செவுள் ஒரு நொடி மூடி நின்று, பிறகு படபடவென்று அடித்தது. உடம்பு முழுக்க விறைத்தது. இதே மாதிரி எத்தனை ஆயிரம் பார்த்திருக்கிறார். பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சீவுகோலைக் கீழே வைத்தார். பெரிய மீனின் முள்ளில் கத்தியை இறக்குவதற்கு ஒரு மரச்சுத்தி வைத்திருப்பார்கள். அதை எடுத்து மீனின் தலையில், கண்ணுக்குச் சற்றுப் பின்னால் ஓங்கி ஒரு அடி அடித்தார். மீன் அசைவு நின்றது. பிறகு செவுளுக்கு அடியில் அறுத்து ரத்தம் வடிய விட்டுச் சீவத் தொடங்கினார்.

யார் மேல் கோபம் என்று கேட்டேன்.

"கோபம் இல்ல சார். மொதல்ல அத அனுப்பி வச்சிட்டேன். இனிமே நான் செய்யறது அதுக்குத் தெரியாது."

முதல் வாரம் கை சரியாக வரவில்லை. சில மீனுக்கு இரண்டு அடி, மூன்று அடி விழுந்தது. அது இன்னும் மோசம் என்று அவருக்கே தெரிந்தது. தொட்டியில் தானாகச் செத்து ஒதுக்கிப் போட்ட மீன்களை எடுத்து, தலையைப் பிளந்து மூளை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். கடலை அளவுகூட இல்லை. அந்தக் கடலைக்கு நேர் மேலே அடி விழ வேண்டும். பதினைந்து நாளில் கை பழகிவிட்டது.

வரிசை நீண்டது. முதலாளியம்மா பொறுத்துப் பார்த்தார். அடித்துவிட்டுச் சீவுகிற மீன் துள்ளுவதில்லை. செத்த மீனைத் தலையில் கட்டுகிறார்களோ என்று சிலர் சந்தேகப்பட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். ஒருநாள் கடை சாத்துகிற மதியத்தில் முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். கெட்ட மனுஷி இல்லை. மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் சாப்பாடு கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தவர்.

"அண்ணே, வலிக்குதுன்னா நாம இத விக்கவே கூடாது. வலிக்கலன்னா அடிக்க வேணாம். ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறது என்ன நியாயம்?"

அவர் காலடித் தரையைப் பார்த்தார். கழுவிவிட்ட தரையில் செதில்கள் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தன.

"நடுவுலதாம்மா நிக்கிறேன்" என்றார். "எனக்கு வேற எடம் தெரியல. நீங்க ஆளு மாத்திக்கிட்டாலும் நான் தப்பா நெனக்க மாட்டேன்."

முதலாளியம்மா ஆளை மாற்றவில்லை. முணுமுணுத்துக்கொண்டே காத்திருப்பவர்களுக்கு உட்கார இரண்டு முக்காலி வாங்கிப் போட்டார். கடையில் அவருக்கு இன்னொரு பெயரும் வந்தது: மயக்க டாக்டர்.

வீட்டில் அவர் மீன் சாப்பிடுவதை நிறுத்தினார். சபதம் எல்லாம் இல்லை. தட்டில் வைத்ததும் கை நகரவில்லை. பாப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொட்டியில் வளர்த்த தக்காளி, கிள்ளிய கீரை, பூசணிப் பிஞ்சு என்று தினமும் ஒரு பை வந்தது. கூடவே ஒரு சின்னத் தொட்டியில் தொட்டாச்சிணுங்கியும் கொண்டு வந்து அக்காவின் ஜன்னலில் வைத்தார். இடது கைக்கு ஒரு விளையாட்டாக இருக்கட்டும் என்று. அக்கா விரலை நீட்டித் தொடுவார், இலை கூம்பும், அவர் முகம் மலரும்.

செதிலண்ணன் அதைச் சில நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பாப்பா முறத்தில் கீரையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார், இதுக்கெல்லாம் வலிக்காதா என்று. முப்பது வருஷக் கேலியின் தொடர்ச்சி என்றுதான் பாப்பா நினைத்தார். செடிக்கு நரம்பு இல்லை, மூளை இல்லை, வலி எங்கிருந்து வரும் என்றார்.

"அது சுருங்குதே, பாப்பா."

"கதவத் தள்ளினாலும்தான் மூடுது. கதவுக்கா வலிக்குது?"

"உங்கக்காவும் மூடின கதவாத்தான் இருந்தா. உள்ள ஆள் இருந்தது எழுபது நாள் எனக்குத் தெரியல."

பாப்பா கீரை கிள்ளுவதை நிறுத்தினார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நர்சரி வேலைக்காகப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொன்னார். இலையைப் பூச்சி கடித்தால் செடி அந்தச் சேதியைத் தண்டு வழியாக மற்ற இலைகளுக்கு அனுப்புகிறது. மற்ற இலைகள் கசப்பு ஏற்றிக்கொள்கின்றன. அதைப் படித்த நாளிலிருந்து நாற்றைப் பிடுங்கும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. ஆனாலும் சேதி போவது வேறு, அந்தச் சேதி ஒருத்தருக்கு வலியாகப் போய்ச் சேருவது வேறு. செடியில் அப்படி ஒருத்தர் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. மீனில் இருப்பதாகத் தோன்றுகிறது.

"அடிச்சுச் சொல்ல முடியாது அத்தான். ஆனா தெரியலங்கிறதுக்காக கீரையும் மீனும் ஒண்ணுதான்னு சொல்லிட முடியாது. எங்க சந்தேகம் ஜாஸ்தியோ அங்க கைய மெதுவா வைக்கணும்."

இவர் தலையாட்டினார். தொட்டாச்சிணுங்கியைத் தொட்டு விளையாடுவதை அவர் நிறுத்தச் சொல்லவில்லை. பாப்பாவே ஒருநாள் அந்தத் தொட்டியை எடுத்துப்போய், பதிலுக்கு ஒரு புதினாத் தொட்டியை வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, வாசனையாக இருக்குமே என்றார்.

இதற்கு நடுவில் ஒருவரை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். மனைவி. அவர் தலைமுறை தலைமுறையாக மீன் சாப்பிட்ட வீட்டுப் பெண். கல்யாணமான நாளிலிருந்து கணவர் கொண்டு வரும் மீனை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சமைத்தவர். வீட்டில் மீன் நின்றபோது அவரைக் கேட்கவில்லை. பூசணியை மசித்து, கீரையை மசித்து, கரண்டியில் ஊட்டினார்கள். ஐந்து நாள் சாப்பிட்டார். ஆறாம் நாள் பாதியில் உதட்டை இறுக்கிக்கொண்டார். எடை குறையத் தொடங்கியது. உடம்பு சுகமில்லையோ, தோள் வலிக்கிறதோ என்று கணவர் நான்கு இடத்தையும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனார். வலி எங்கும் இல்லை.

பதினோராம் நாள் மதியம். பாப்பா பூசணிக் கரண்டியை நீட்டினார். மனைவி இடது கையால் அதை மெல்லத் தள்ளிவிட்டு, தங்கையின் முகத்தைப் பார்த்து, தெளிவாக, "இல்ல" என்றார்.

கரண்டி கீழே விழுந்தது. ஐந்து மாதத்தில் வந்த முதல் புது வார்த்தை. பாப்பா அழுதுகொண்டே சிரித்தார். செதிலண்ணன் பூசணிக் கிண்ணத்தை எடுத்து மறுபடி நீட்டி, "இது?" என்றார். "இல்ல." கீரைக் கிண்ணம். "இல்ல." மனைவிக்கே தன் வாய் மேல் நம்பிக்கை வராமல், யாரும் எதுவும் நீட்டாதபோதும் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். இல்ல, இல்ல. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, இடது கையை எடுத்துக் கணவரின் சட்டைக் கையைப் பிடித்து முகர்ந்து காட்டினார். கடையிலிருந்து நேராக வந்த சட்டை.

செதிலண்ணன் பாப்பாவைப் பார்த்தார். முப்பத்து நான்கு வருஷம் மீனைத் தொடாதவர், கீழே சிந்திய பூசணியைத் துடைத்துக்கொண்டே, "போய் நல்ல மீனா கொண்டு வாங்க அத்தான்" என்றார். "கேக்காம நிறுத்தினது நம்ம தப்பு."

அவர் கடைக்குத் திரும்பிப் போய்த் தானே வலையைப் போட்டார். சின்னக் கெண்டை ஒன்று. முப்பத்தோரு வருஷத்தில் அவ்வளவு கவனமாக எந்த மீனையும் தொட்டதில்லை என்றார். ஈரத் துணியால் கண்ணை மூடிப் பிடித்து, ஒரே அடி. வீட்டுக்கு வந்து ஆவியில் வேகவைத்து, முள்ளெடுத்து, விரலால் நசுக்கித் தடவிப் பார்த்து, இன்னொரு முறை தடவிப் பார்த்து ஊட்டினார். மனைவி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். முழு மீனும்.

இரண்டு வார்த்தை இருந்தால் ஒரு குடும்பம் நடத்திவிடலாம் என்று அதன் பிறகு செதிலண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். "வலிக்குதா?" என்று கேட்க முடிந்தது. "இல்ல" என்று பதில் வந்தது. சில நாள் "சரி" என்று வரும். உடனே தலையணையைச் சரிசெய்வார். ஒரு வருஷத்தில் இன்னும் ஐந்தாறு வார்த்தைகள் சேர்ந்தன. அதில் ஒன்று "போதும்". அதை அவர் பெரும்பாலும் கணவர் பேசும்போது பயன்படுத்தினார். ஆமாம், வீட்டில் இப்போது கணவர்தான் பேசுகிறவர். கடையில் நடந்தது, தெருவில் பார்த்தது, என் வீட்டில் நடந்தது உட்பட எல்லாவற்றையும் மனைவியின் நல்ல பக்கமாக உட்கார்ந்து ஒப்பிக்கிறார்.

கடைக் கதையும் ஒரு மாதிரி முடிந்தது. ஒரு பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் வந்து நான்கு மீன் வாங்கிப்போனார். இரண்டு நாளில் திரும்பி வந்து, அடித்துவிட்டு வெட்டிய மீனில் சதை உடையாமல் கெட்டியாக நிற்கிறது, துடித்துச் செத்த மீன் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது, இனி எனக்கு இப்படித்தான் வேண்டும் என்றார். முதலாளியம்மா அன்றே இன்னும் இரண்டு மரச்சுத்தி வாங்கினார். மற்ற இரண்டு வெட்டுக்காரர்களும் அதையே செய்யத் தொடங்கினார்கள். பக்கத்துக் கடையிலும் ஒருவர் பார்த்துப் பழகிக்கொண்டார்.

செதிலண்ணனுக்கு முதலில் கொஞ்சம் மனக்குறைதான். இரக்கத்துக்காக யாரும் செய்யவில்லை, ருசிக்காகச் செய்கிறார்கள். பிறகு அவரே, "என்ன காரணமா இருந்தா என்ன சார், மீனுக்கா காரணம் தெரியப்போவுது" என்றார்.

நண்டு மட்டும் அவரால் முடியவில்லை. எங்கே அடித்தால் உடனே போகும் என்று அவருக்குப் பிடிபடவேயில்லை. நண்டு வந்தால் அடுத்த பலகைக்குத் தள்ளிவிட்டு, கை கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய்விடுவார். தான் செய்யாவிட்டால் இன்னொருத்தர் செய்யத்தானே போகிறார், அதனால் நண்டுக்கு என்ன லாபம் என்று என்னிடமே கேட்டிருக்கிறார். நான் நண்டு வாங்குவதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தினேன் என்று சொன்னால் பொய்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்ததை அவர்தான் சொன்னார். மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மனைவிக்கு மட்டும் தட்டில் மீன். இப்போது இடது கையால் அவரே சாப்பிடுகிறார், முள்ளைக்கூட அவரே எடுக்கிறார், நேரம் ஆகும், ஆனால் யாரும் உதவக் கூடாது. அன்று ஒரு துண்டை எடுத்து, முள் எல்லாம் பொறுக்கி, பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கையை நீட்டிக் கணவரின் வாயருகே கொண்டுவந்து நிறுத்தினார்.

அவர் மீன் சாப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். கையைத் தோள் உயரத்தில் நிறுத்தி வைக்க அவர் படுகிற பாட்டையும் பார்த்தார். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

"ருசி எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

நன்றாக இருந்தது என்றார். அதுதான் கஷ்டமாக இருந்தது என்றார். மெதுவாக மென்று விழுங்கினாராம். மனைவி இரண்டாவது துண்டை எடுக்கப்போனபோது இவர் அந்தக் கையைப் பிடித்து, பூப்போல, திருப்பி அவர் தட்டுக்கே வைத்தாராம். மனைவி வற்புறுத்தவில்லை. சாப்பாடு முடிந்ததும் பாப்பா வெந்நீரில் நனைத்த துணியோடு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, மீன் எண்ணெய் படிந்த அந்த ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார்.